ஜெர்மனிக்கு வரும் தமிழர்கள் ஜெர்மன் மொழி பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலைக்காகவும் படிப்புக்காகவும் ஜெர்மனிக்கு வரும் நம்மவர்கள் மொழியைப் பற்றிக் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம். பொங்கல் விழாவிலும் கேட்கிறார்கள், ரயில் நிலையத்திலும் கேட்கிறார்கள், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியிலும் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து, எளியவற்றிலிருந்து சிக்கலானவை வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன். விசா, குடியுரிமை விதிகள் அவ்வப்போது மாறும். ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்கள் ஊர் அலுவலகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசுகிறார்கள். எனக்கு ஜெர்மன் எதற்கு?

பெர்லின், மியூனிக், பிராங்பர்ட் போன்ற நகரங்களில் மென்பொருள் துறையில் இருப்பவர் ஜெர்மன் தெரியாமலேயே பல ஆண்டுகள் வேலை பார்க்க முடியும். ஆனால் வீட்டுக்காரர், குழந்தை மருத்துவர், கிட்டா எனப்படும் மழலையர் காப்பகம், மின்சார நிறுவனம், மாடிப்படியில் எதிர்ப்படும் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆகியோருடன் அந்த ஆங்கிலம் எப்போதும் கைகொடுக்காது. அரசு அலுவலகங்களின் மொழி ஜெர்மன் என்று இந்நாட்டின் நிர்வாகச் சட்டமே சொல்கிறது. எதிரே இருக்கும் அலுவலருக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தாலும் அதில் பேச வேண்டிய கடமை அவருக்கு இல்லை. படிவம் ஜெர்மனில், கடிதம் ஜெர்மனில், வாடகை ஒப்பந்தமும் ஜெர்மனில்தான்.

நான் பார்த்த வரையில், பல ஆண்டுகள் இருந்தும் ஜெர்மன் வராமல் போனவர்களுக்கு அறிவிலோ உழைப்பிலோ குறை இல்லை. வந்த நாள் முதல் ஒவ்வொரு காரியத்துக்கும் வேறு யாரையாவது பேச வைத்தவர்கள் அவர்கள். முகவரிப் பதிவுக்கு நண்பர் கூட வந்தார், வீடு பார்க்க நிறுவனத்தின் ஆள் வந்தார், மருத்துவரிடம் மனைவி பேசினார். உதவி கேட்பதில் தவறே இல்லை. ஆனால் துணைக்கு வருபவர் பக்கத்தில் நிற்கட்டும், பேசுவது நீங்களாக இருங்கள். கீழே உள்ள பதில்களில் பாதி இதையே வெவ்வேறு இடங்களில் வைத்துச் சொல்பவை.

ஏ1, பி1 என்கிறார்களே, அவை என்ன?

ஐரோப்பிய மொழிகளுக்கான பொதுவான ஆறு நிலைகள்: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2. ஏ1 என்றால் பெயர், ஊர், விலை, நேரம் போன்றவற்றைக் கேட்கவும் சொல்லவும் வரும். ஏ2-வில் அன்றாடக் காரியங்களைச் சமாளிக்கலாம். பி1-இல் பழகிய விஷயங்களைப் பற்றி யாருடைய உதவியும் இல்லாமல் பேசலாம். பி2-இல் ஒரு கருத்தை எடுத்து வைத்து வாதாடலாம். சி நிலைகள் உயர்கல்விக்கும் மொழியை நம்பியே நடக்கும் தொழில்களுக்கும் உரியவை.

செவிலியர்கள் தங்கள் படிப்பை இங்கே அங்கீகரிக்கச் செய்யப் பொதுவாக பி2 வேண்டும். மருத்துவர்களுக்கு அதற்கு மேல், நோயாளியிடம் பேசுவதையும் சக மருத்துவரிடம் விளக்குவதையும் சோதிக்கும் தனித் தேர்வே உண்டு.

ஊரிலேயே படித்துவிட்டு வரலாமா, இங்கே வந்து படித்தால் போதுமா?

முடிந்தால் ஏ1-ஐயாவது ஊரில் முடித்துவிட்டு வாருங்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அறிந்த கோதே நிறுவனம் இருக்கிறது. அங்கே வகுப்பும் உண்டு, தேர்வும் உண்டு. வந்த முதல் மாதத்தில் முகவரிப் பதிவு, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு, வீடு தேடல் என்று அலைச்சல் மிகுதி. அந்த நேரத்தில் எழுத்துகளின் பெயரைப் படிக்கத் தொடங்கினால் எதுவும் மனதில் நிற்காது. உங்கள் பெயரை ஜெர்மன் எழுத்துகளில் ஒவ்வொன்றாகச் சொல்லத் தெரிந்திருப்பதே பெரிய உதவி. நம் பெயர்கள் இவர்களுக்கு நீளமானவை, தொலைபேசியில் எல்லோரும் எழுத்துக்கூட்டச் சொல்லித்தான் கேட்பார்கள்.

ஏ1-க்கு மேல் இங்கே வந்து படிப்பது நல்லது. காலையில் படித்ததை மாலையில் கடையில் பேசிப் பார்க்கலாம்.

எத்தனை மாதத்தில் பேச வரும்?

புதிதாகக் குடியேறியவர்களுக்கான அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்திலிருந்து பி1 வரை போக, 45 நிமிடப் பாடவேளைகள் 600 என்று அந்த வகுப்பு கணக்கிடுகிறது. நாட்டின் வரலாறு, சட்டம், சமூகம் பற்றிய 100 பாடவேளைகள் தனி. முழுநேரமாகப் படிப்பவருக்கு ஓராண்டுக்குள் முடியக்கூடிய வேலை. வேலைக்குப் போய்க்கொண்டு வாரம் இரண்டு மாலை வகுப்பு என்றால் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். மூன்று மாதத்தில் சரளமாகப் பேசலாம் என்று விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.

எங்கே படிப்பது? செலவு கட்டுப்படியாகுமா?

அநேகமாக எல்லா ஊர்களிலும் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே என்ற மக்கள் கல்வி நிலையம் இருக்கும். உள்ளாட்சியின் ஆதரவில் நடப்பதால் தனியார் பள்ளிகளைவிடக் கட்டணம் குறைவு. வகுப்பில் சிரியாவிலிருந்து வந்த தச்சரும் பிரேசிலிலிருந்து வந்த ஆசிரியையும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இருவருக்கும் பொதுவாக இருக்கும் ஒரே மொழி ஜெர்மன்தான் என்பதால், இடைவேளையிலும் அதையே பேச வேண்டிவரும். நம்மவர்கள் மட்டும் சேர்ந்து படிக்கும் குழுவில் இது கிடைக்காது.

அரசின் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேர உங்களுக்கு உரிமை உண்டா என்பதை வசிப்பு அனுமதி அட்டை வாங்கும் நாளிலேயே வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேளுங்கள். பி1 முடித்தவர்களுக்குத் தொழில்சார் மொழி வகுப்புகளும் உள்ளன. வேலையில் இருப்பவர்களில் பலருக்குத் தெரியாத ஒன்று: பெரும்பாலான மாநிலங்களில் ஊழியருக்கு ஆண்டுக்கு ஐந்து நாள் சம்பளத்துடன் கல்வி விடுப்பு எடுக்கும் உரிமை இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மொழி வகுப்புக்கும் அதைப் பயன்படுத்தலாம். பவேரியாவில் இந்த உரிமை இல்லை. பணமே வேண்டாம் என்றால் டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பின் இணையப் பாடங்கள் இலவசம், தரமானவை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஜெர்மன் மிகவும் கடினமா?

ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவர் தடுமாறும் சில இடங்களில் நமக்கு வழி ஏற்கெனவே தெரியும். ஆனால் நாம் ஆங்கிலத்தின் வழியாகவே ஜெர்மனைப் படிப்பதால் அந்த வசதியை இழந்துவிடுகிறோம். பாடத்தில் சிக்கல் வரும்போது முதலில் தமிழில் யோசித்துப் பாருங்கள்.

வேற்றுமையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனில் நான்கு வேற்றுமைகள். நாம் பள்ளியில் எட்டு படித்தவர்கள். அவர்களுடைய அக்குசாட்டீவ் பெரும்பாலும் நம் ‘ஐ’, டாட்டீவ் பெரும்பாலும் நம் ‘கு’. தமிழில் ‘எனக்குப் பிடித்திருக்கிறது’, ‘எனக்குக் குளிர்கிறது’ என்கிறோம். ஜெர்மனும் அதே இடத்தில் ‘எனக்கு’ என்றுதான் சொல்லும்: ‘மியர் கெஃபெல்ட் டாஸ்’, ‘மியர் இஸ்ட் கால்ட்’. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்ப்பவர் இங்கே ‘நான்’ போட்டுத் தவறு செய்வார். அதேபோல் பள்ளிக்குப் போவதற்கு ‘இன் டீ ஷூலே’, பள்ளியில் இருப்பதற்கு ‘இன் டேர் ஷூலே’. பள்ளிக்கு, பள்ளியில் என்று வேறுபடுத்தியே வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்கவே வேண்டாம்.

வாக்கியத்தின் இறுதியில் வினை வருவதும் நமக்குப் புதிதல்ல. ‘ஏனென்றால் எனக்கு உடம்பு சரியில்லை’ என்பது போன்ற துணை வாக்கியங்களில் வினை கடைசிக்குப் போய்விடும்: ‘வைல் இஷ் க்ராங்க் பின்’. பிரியும் வினைகளும் உண்டு. ‘இஷ் ரூஃபே ஸீ மோர்கன் அன்’ என்றால் நாளை உங்களைத் தொலைபேசியில் அழைக்கிறேன் என்று பொருள். அந்தக் கடைசி ‘அன்’ வந்த பிறகுதான் எந்த வினை என்பதே முடிவாகும். வருவேனா, வரமாட்டேனா என்பதை வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் தெரிந்துகொள்ளும் மொழியில் பிறந்தவர்கள் நாம். கடைசி வரை காத்திருந்து கேட்பது நம் காதுக்குப் பழக்கம்தான். முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் நிற்கும் என்பதை மட்டும் புதிதாகப் பழக வேண்டும்.

டேர், டீ, டாஸ். இதை எப்படித்தான் மனப்பாடம் செய்வது?

பெயர்ச்சொல்லின் முன் நின்று அதன் பாலைக் காட்டும் சொற்கள் இவை: டேர் ஆண்பால், டீ பெண்பால், டாஸ் அஃறிணை. இங்கே தமிழ் உதவாது. நமக்குப் பால் பொருளைப் பார்த்து வருகிறது, ஜெர்மனில் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷன்’ அஃறிணை. காரணம் தேடுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள்.

சொல்லின் முடிவு சில இடங்களில் வழிகாட்டும். ‘உங்’, ‘ஹைட்’, ‘கைட்’, ‘ஷாஃப்ட்’ என்று முடியும் பெயர்கள் பெண்பால். சிறுமைப் பொருள் தரும் ‘ஷன்’, ‘லைன்’ விகுதிகள் அஃறிணை. மற்றவற்றுக்கு ஒரே வழி, சொல்லை அதன் டேர், டீ, டாஸுடன் சேர்த்தே படிப்பது. ‘டிஷ்’ என்று தனியாகக் குறிக்காமல் ‘டேர் டிஷ்’ என்றே எழுதுங்கள், சொல்லுங்கள். பேசும்போது தவறினாலும் கேட்பவருக்குப் புரியும். பால் நினைவுக்கு வரவில்லை என்பதற்காகப் பேச்சை நிறுத்துவதுதான் உண்மையான இழப்பு.

உச்சரிப்பு வரவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

குறில், நெடில் வேறுபாடு நம்மிடம் உறுதியாக இருக்கிறது. ‘ஷ்டட்’ நகரம், ‘ஷ்டாட்’ அரசு. இதில் தமிழர் யாரும் தடுமாறி நான் பார்த்ததில்லை. உயிரெழுத்தின் மேல் இரண்டு புள்ளி வைத்த ஒலிகளுக்கு: ‘ஊ’ சொல்வதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு ‘ஈ’ என்று சொல்லுங்கள், ‘ஓ’ போல் குவித்துக்கொண்டு ‘ஏ’ என்று சொல்லுங்கள். கண்ணாடி முன் நின்று உதடு அசையாமல் பார்த்துக்கொண்டால் ஒரு வாரத்தில் வந்துவிடும்.

நமக்குச் சிரமம் தருபவை க, ட, ப வரிசைகளின் வல்லொலியும் மெல்லொலியும். தமிழ் எழுத்து இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை என்பதால் ‘பாக்’ என்பதை எந்தப் பகரத்தில் தொடங்குவது என்ற குழப்பம் வரும். ஜோடி ஜோடியாகச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். இதற்கு மட்டும் ஓர் ஆசிரியரின் காது தேவைப்படும்.

எண்ணும் நேரமும் சொன்னால் தலை சுற்றுகிறது. ஏதாவது வழி உண்டா?

இருபத்தேழை ‘ஏழும் இருபதும்’ என்ற வரிசையில் சொல்வார்கள். தொலைபேசி எண்ணை எழுதும்போது இரண்டாவது இலக்கத்தை முதலில் எழுதிவிட்டு, முன்னால் இடம் விட்டு அடுத்ததை நிரப்புங்கள். இங்கேயே பிறந்தவர்களில் சிலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நேரத்தில் கவனம் தேவை. ‘ஹல்ப் அஹ்ட்’ என்றால் ஏழரை மணி. எட்டு என்ற சொல் காதில் விழுந்ததும் எட்டரை என்று குறித்துக்கொண்டு, மருத்துவரின் சந்திப்பு நேரத்தைத் தவறவிட்டவர்கள் பலர். சந்தேகம் இருந்தால் 7.30 மணிதானே என்று இலக்கமாகவே திருப்பிக் கேளுங்கள்.

நான் ஜெர்மனில் தொடங்கினாலும் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள். என்ன செய்ய?

பெரும்பாலும் உங்களுக்கு உதவுவதாக நினைத்துத்தான் மாறுகிறார்கள். மனம் சுருங்க வேண்டாம். ‘நான் ஜெர்மன் கற்கிறேன், ஜெர்மனிலேயே பேசலாமா?’ என்ற வாக்கியத்தை முதல் வாரத்திலேயே படித்துக்கொள்ளுங்கள்: ‘இஷ் லெர்ன டொய்ட்ச். கொன்னன் வியர் பிட்டே டொய்ட்ச் ஷ்ப்ரெஹன்?’ இதைச் சொன்ன பிறகு மறுத்தவர்களை நான் மிக அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் வேகத்தைக் குறைத்து, சொல்லைத் தேர்ந்து பேசத் தொடங்குவார்கள்.

இடத்தையும் தேர்ந்தெடுங்கள். காலை ஏழரைக்கு, பின்னால் வரிசை நிற்கும் ரொட்டிக்கடையில் இலக்கணத்தைச் சோதிக்காதீர்கள். அதே கடையில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. அப்போது எந்த ரொட்டியில் என்ன தானியம் என்று கேட்டால், கடைக்காரப் பெண்மணி ஒவ்வொன்றையும் கையால் காட்டி, ராகியைப் போலக் கறுத்த, ரை என்ற தானியத்தின் ரொட்டியையும் சூரியகாந்தி விதை பதித்த ரொட்டியையும் விளக்குவார். வகுப்பில் ஒரு மணி நேரத்தில் கிடைக்காத சொற்கள் அந்த ஐந்து நிமிடத்தில் கிடைக்கும்.

யாரை ‘நீ’ என்பது, யாரை ‘நீங்கள்’ என்பது?

‘டூ’, ‘ஸீ’ இரண்டும் ஏறத்தாழ நம் நீ, நீங்கள்தான். தெரியாத பெரியவர்கள், அலுவலர்கள், மருத்துவர், வீட்டுக்காரர் எல்லோருக்கும் ‘ஸீ’. குழந்தைகள், நண்பர்கள், உடன் படிப்பவர்களுக்கு ‘டூ’. பல அலுவலகங்களில் மேலாளரையும் ‘டூ’ என்றே அழைப்பார்கள், அதில் அவமரியாதை இல்லை. ‘ஸீ’யிலிருந்து ‘டூ’வுக்கு மாறலாம் என்று முதலில் சொல்லும் உரிமை வயதிலோ பதவியிலோ மூத்தவருடையது. அவர் சொல்லும் வரை காத்திருங்கள்.

வரும் கடிதங்களைக் கைபேசியில் படமெடுத்து மொழிபெயர்த்துக்கொள்கிறேன். அது போதாதா?

அவசரத்துக்குப் போதும். அதையே வழக்கமாக்கிக்கொள்ள வேண்டாம். முதலில் நீங்களே படியுங்கள், பிறகு படமெடுத்துச் சரிபாருங்கள். அரசுக் கடிதங்களின் அமைப்பு அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். வலப்பக்கம் தேதியும் கோப்பு எண்ணும், நடுவே தடித்த எழுத்தில் பொருள், பிறகு முடிவு, பிறகு காரணம், கடைசியில் எங்கே, எத்தனை நாளுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற பத்தி. அரசு முடிவுக்கு எதிரான ஆட்சேபத்துக்குப் பொதுவாக ஒரு மாதம்தான் காலம். ‘ஃப்ரிஸ்ட்’ என்ற சொல் காலக்கெடுவைக் குறிக்கும், ‘மானுங்’ கட்ட வேண்டிய பணத்துக்கான நினைவூட்டல். இவ்விரண்டும் கண்ணில் பட்டால் அன்றே உட்கார்ந்து முழுவதையும் படியுங்கள்.

மஞ்சள் உறை வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நீதிமன்றமோ அரசு அலுவலகமோ முறைப்படி சேர்ப்பிக்கும் கடிதம் அது. நீங்கள் வீட்டில் இல்லாவிட்டால் தபால்காரர் அதைப் பெட்டியில் போட்டு, உறையின் மேலேயே தேதியை எழுதிவிட்டுப் போவார். காலக்கெடு அந்தத் தேதியிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், நீங்கள் உறையைப் பிரித்தீர்களா இல்லையா என்பது கணக்கில் வராது. உறையை எறியாமல் கடிதத்துடன் சேர்த்து வையுங்கள்.

படித்துப் பழக நல்ல கடிதம் ஒன்று முகவரி பதிந்த சில வாரங்களில் தானாகவே வரும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் பற்றியது அது. ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, வீட்டில் தொலைக்காட்சி இல்லாவிட்டாலும் கட்ட வேண்டும். பலர் இதை மோசடி என்று நினைத்துக் கிழித்துப் போட்டுவிட்டு, பிறகு அபராதத்துடன் கட்டுகிறார்கள்.

நேரில் பேசிவிடுவேன். தொலைபேசி என்றால் பயம். என்ன செய்வது?

முகமும் கையும் தெரியாததால் தொலைபேசி கடினம்தான். மருத்துவரிடம் நேரம் கேட்கும் அழைப்பிலிருந்து தொடங்குங்கள், ஏனெனில் அங்கே கேட்கப்படுபவை அநேகமாக மாறுவதே இல்லை: பெயர், பிறந்த தேதி, என்ன தொந்தரவு, எந்தக் காப்பீடு, முன்பு வந்திருக்கிறீர்களா. ஐந்துக்கும் விடையை ஒரு தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு அழையுங்கள். புரியாவிட்டால் ‘கொன்னன் ஸீ டாஸ் பிட்டே வீடர்ஹோலன்?’ என்று மறுபடி சொல்லக் கேளுங்கள். முடிவில் நாளையும் நேரத்தையும் நீங்களே ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள். நேரம் பற்றி மேலே சொன்ன ‘ஹல்ப்’ இங்கேதான் காலை வாரும்.

இரண்டு எண்களை எல்லோரும் மனதில் வைத்திருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, தீ என்றால் 112. இரவிலோ விடுமுறையிலோ உயிருக்கு ஆபத்தில்லாத உடல்நலக் குறைவு என்றால் மருத்துவச் சேவைக்கு 116117. ‘எங்கே, என்ன நடந்தது, எத்தனை பேர்’ என்ற மூன்றுக்கும் ஜெர்மனில் விடை சொல்ல வீட்டில் எல்லோரும் பழகியிருங்கள்.

என் மனைவி வேலைக்குப் போகவில்லை. அவருக்கு அவசரம் ஒன்றும் இல்லையே?

வீட்டில் யாருக்கு ஜெர்மன் மிக அவசரம் என்று கேட்டால், அவருக்குத்தான் என்பேன். உங்களுக்கு அலுவலகத்தில் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிட்டாவிலிருந்து காலை பதினொரு மணிக்கு அழைப்பு வந்தால் எடுப்பவர் அவர். பூங்காவில் மற்றத் தாய்மார்கள் பேசிக்கொண்டிருக்க, அரைமணி நேரம் ஊஞ்சலைத் தள்ளிக்கொண்டு சும்மா நிற்பவரும் அவர்தான். ஊரில் ஆசிரியையாகவோ கணக்காளராகவோ இருந்த ஒருவர் இங்கே வந்து, பேச ஆளில்லாமல், ஒவ்வொரு காரியத்துக்கும் கணவரின் மாலை நேரத்துக்காகக் காத்திருக்கும் நிலையை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்க எனக்கு மிகுந்த வருத்தமாக இருக்கும். வீட்டுச் செலவுக் கணக்கில் அவருடைய வகுப்புக் கட்டணத்தை முதலில் எழுதுங்கள். வகுப்பு நேரத்தில் குழந்தையை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

துணைவர் விசாவுக்குப் பொதுவாக ஏ1 சான்றிதழ் கேட்பார்கள். உயர்கல்வி பெற்ற வெளிநாட்டு வல்லுநர்களுக்குத் தரப்படும் நீல அட்டை என்ற வசிப்பு அனுமதியை வைத்திருப்பவரின் துணைவருக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கினாலேயே ஒரு சொல்லும் தெரியாமல் வந்து இறங்குபவர்கள் நம்மவரில் பலர். சட்டம் கேட்கவில்லை என்பதை வைத்துத் தேவையில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கணவர் வீட்டில் இருந்து மனைவி வேலைக்குப் போகும் வீடுகளுக்கும் இதே பதில்தான்.

என் மகன் நன்றாகப் பேசுகிறான். அலுவலகத்துக்கு அவனையே கூட்டிப்போனால் என்ன?

வேண்டாம். ரொட்டிக்கடையில் அவன் உதவட்டும், மகிழ்ச்சி. ஆனால் மருத்துவர், வங்கி, வெளிநாட்டினர் அலுவலகம், அவனுடைய ஆசிரியருடனான சந்திப்பு ஆகியவற்றுக்கு அவனை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். அம்மாவின் நோயையும் அப்பாவின் கடனையும் பத்து வயதுக் குழந்தை இரு மொழியிலும் சுமக்கக் கூடாது. ஆசிரியர் அவனைப் பற்றிச் சொல்லும் குறையை அவனே மொழிபெயர்க்கும் நிலையும் சரியில்லை. புரியாத இடங்களுக்குப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழையுங்கள். முதல் பதிலில் சொன்னதுபோல், அவர் பக்கத்தில் இருக்கட்டும், தொடங்குவது நீங்கள்.

1980களில் போரினால் இலங்கையிலிருந்து இங்கே வந்த தமிழர்களுக்கு இந்த வசதிகள் எதுவும் இல்லை. அரசின் ஒருங்கிணைப்பு வகுப்புகளே 2005-இல்தான் தொடங்கின. உணவக அடுக்களைகளிலும் ஆலைகளிலும் நின்றுகொண்டே மொழி பிடித்தவர்கள் அவர்களில் பலர். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயில் எழுந்ததும் அந்தத் தலைமுறையின் உழைப்பால்தான். உங்கள் ஊரில் அப்படி ஒரு அண்ணனோ அக்காவோ இருந்தால் போய்ப் பேசுங்கள். எந்த அலுவலகத்தில் எதை எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவர்களைவிடத் தெளிவாகச் சொல்பவர் கிடையாது.

குழந்தையிடம் வீட்டிலும் ஜெர்மனே பேசுங்கள் என்கிறார்களே?

நீங்கள் தமிழில்தான் பேச வேண்டும். கிட்டாவில் பகல் முழுதும் ஜெர்மன் கேட்கும் குழந்தைக்கு அதற்குக் குறைவிராது. தமிழ் கிடைக்கக்கூடிய இடம் உங்கள் வீடு ஒன்றுதான். ஏ2 நிலையில் நாம் பேசும் அரைகுறை ஜெர்மனைக் குழந்தைக்குக் கொடுப்பதைவிட, கதை, கோபம், கொஞ்சல் எல்லாம் நிறைந்த முழுத் தமிழைக் கொடுப்பது நல்லது. ஒரு மொழியில் ஆழமாகப் பேசும் குழந்தை அடுத்ததையும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். பல நகரங்களில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் நடக்கின்றன, சேருங்கள். நீங்கள் கற்பதைக் குழந்தை பார்க்கட்டும், உங்கள் வீட்டுப்பாடத்தை அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள்.

வகுப்பில் படித்தது ஒன்று, தெருவில் கேட்பது வேறாக இருக்கிறதே?

வட்டார வழக்கு. வடக்கே நாள் முழுதும் ‘மொய்ன்’ என்று வணங்குவார்கள், பவேரியாவில் ‘க்ரூஸ் கோட்’, ‘செர்வுஸ்’. ஸ்டுட்கார்ட் பக்கம் சொல்லின் இறுதியில் ‘லே’ சேரும். நெல்லைத் தமிழையும் கோவைத் தமிழையும் யாழ்ப்பாணத் தமிழையும் கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் அதிர்ச்சி எதற்கு? பொது ஜெர்மனைப் பேசுங்கள், நாடு முழுவதும் புரியும். வட்டார வழக்கைப் பேச முயல வேண்டாம், காது மட்டும் பழகட்டும். வணக்கம் சொல்வதை மட்டும் அந்த ஊர் முறையில் சொல்லுங்கள், முகம் மலர்வார்கள்.

பி1 தேர்ச்சி பெற்றுவிட்டேன். ஆனால் நாலு பேர் சேர்ந்து பேசினால் ஒன்றும் புரியவில்லை. எங்கே தவறு?

தவறு எதுவும் இல்லை. தேர்வின் ஒலிப்பதிவுகள் தெளிவானவை, ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர் பேசுவார். மதிய உணவு மேசையில் அப்படி இல்லை. இந்த இடத்தில் இன்னொரு இலக்கணப் புத்தகம் உதவாது, நிறையக் கேட்க வேண்டும். டாய்ச்ச வெல்ல மெதுவாக வாசிக்கும் செய்திகளை வெளியிடுகிறது. அது பழகியதும் பொதுத் தொலைக்காட்சியின் நிகழ்ச்சிகளை ஜெர்மன் எழுத்து வரிகளுடனேயே பாருங்கள், ஆங்கில வரிகள் வேண்டாம்.

அதைவிட முக்கியம், வாரந்தோறும் அதே ஆட்களைச் சந்திக்க ஓர் இடம். இந்த நாட்டில் ‘ஃபெரைன்’ எனப்படும் சங்கங்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு: பூப்பந்து, சதுரங்கம், பாடகர் குழு, மலையேற்றம், தன்னார்வத் தீயணைப்புப் படை. உங்களுக்குப் பிடித்த ஒன்றில் சேருங்கள். பழகிய முகங்களின் பேச்சு முதலில் புரியத் தொடங்கும், மற்றவர்களுடையது பின்னால் வரும். மேசையில் நாலு பேர் பேசும்போது பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் பேசினாலும் போதும்.

நிரந்தர வசிப்புக்கும் குடியுரிமைக்கும் எந்த நிலை வேண்டும்?

நீல அட்டை வைத்திருப்பவர் ஏ1-உடன் 27 மாதத்தில், பி1-உடன் 21 மாதத்தில் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம், ஓய்வூதியக் கட்டணம் உள்ளிட்ட மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருந்தால். குடியுரிமைக்குப் பொதுவாக ஐந்தாண்டு வசிப்பு, பி1, அத்துடன் 33 கேள்விகளில் 17-க்குச் சரியான விடை தர வேண்டிய குடியுரிமைத் தேர்வு. 2024-இல் வந்த மூன்றாண்டு விரைவு வழி 2025-இல் நீக்கப்பட்டுவிட்டது. ஜெர்மனி இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, ஆனால் இந்தியா ஏற்பதில்லை என்பதை மறவாதீர்கள்.

கோதே நிறுவனத்தின் பி1 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கையும் தனித்தனியாக எழுதலாம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அலுவலகத்துக்கு எந்தச் சான்றிதழ் ஏற்புடையது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மூன்று ஆண்டில் திரும்பிவிடுவோம். அதற்காக இவ்வளவு உழைப்பா?

மூன்று ஆண்டு என்று வந்து பதினைந்து ஆண்டு கடந்தவர்கள் எங்கள் ஊரிலேயே நிறையப் பேர். உண்மையிலேயே திரும்புவதாக வைத்துக்கொண்டாலும், ஆயிரம் நாளுக்கு மேல் அண்டை வீட்டாரின் பேச்சு புரியாமல் வாழ்வது நீண்ட காலம். ஏ2 வரை படியுங்கள். அதற்கு மேல் போவதை அப்போது முடிவு செய்யலாம்.

பிரசவத்துக்கு உதவ அம்மா வருகிறார். அவருக்கு என்ன சொல்லித்தருவது?

வகுப்பெல்லாம் வேண்டாம். மாடிப்படியிலும் மருத்துவரின் காத்திருப்பு அறையிலும் இங்கே முன்பின் தெரியாதவர்களும் வணக்கம் சொல்வார்கள், ஆகவே ‘ஹலோ’வும் ‘குட்டன் டாக்’கும் வேண்டும். ‘டாங்கே’, ‘பிட்டே’, பத்து வரை எண்கள், ‘எனக்கு ஜெர்மன் தெரியாது’ என்ற வாக்கியம். வீட்டு முகவரியும் உங்கள் தொலைபேசி எண்ணும், அவர் சாப்பிடும் மருந்துகளின் பெயரும் எழுதிய தாள் ஒன்று அவர் கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். இரண்டாவது வாரத்தில் ரொட்டிக்கடைக்குத் தனியாக அனுப்பிப் பாருங்கள்.